அந்த டிக் சத்தம்

தம்பி,

உன்னை எதிரே உட்காரவைத்துச் சொல்லிவிடலாம் என்று நான்கைந்து முறை தொண்டையைக் கனைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நீ எழுந்து உள்ளே போய்விட்டாய். போகாமல் இருந்திருந்தாலும் பெரிய லாபம் இருந்திருக்காது. நான் தமிழில் கேட்பேன், நீ ஹிந்தியில் பதில் சொல்வாய், கோபம் வந்தால் நான் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவேன். இங்கிலீஷில் எனக்குக் கோபப்பட மட்டும்தான் தெரியும், சமாதானமாகத் தெரியாது. இதற்கிடையில் நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதுங்கள், உங்கள் வேலையைப் பற்றி வேடிக்கையாக இருந்தால் நல்லது என்று சங்கத்துச் செயலாளர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நச்சரிக்கிறார். வேடிக்கையாக ஒன்றும் வரவில்லை, இதுதான் வருகிறது. நாலு பேர் படித்தால் படிக்கட்டும். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்பதால் உன் அம்மாதான் வாசித்துக் காட்டப்போகிறாள். அவளைப் பற்றி எழுதியிருக்கும் இடத்தை நைசாகத் தாண்டிவிடுவாள், கவனமாகக் கேள்.

நம் வீட்டு விவகாரம் தெரியாதவர்களுக்காக ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். விமானிகள் பழகுவதற்கென்று தரையிலேயே நிற்கும் ஒரு பொய் விமானத்துக்கு சிமுலேட்டர் என்று பெயர். விமானத்தின் முன்பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்து, எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்கும் கால்களின் மேல் உட்காரவைத்தது போல இருக்கும். உள்ளே எல்லா முள்ளும் விளக்கும் அசலைப் போலவே வேலை செய்யும். அதைப் பழுதில்லாமல் வைத்துக்கொள்வதுதான் இத்தனை வருஷமாக என் உத்தியோகம். குடும்பத்தாரை அழைத்துப்போகலாம் என்று அனுமதித்த ஒரு நாளில் உன் அம்மாவும் வந்து அதில் உட்கார்ந்தாள். இறங்கியதும் தூணைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஆடுற பொட்டிக்கு எங்க ஊரு கொடராட்டினம் எவ்வளவோ தேவல" என்று என் மேலதிகாரி காதுபடவே சொன்னாள். அன்றிலிருந்து நம் வீட்டில் அதற்குப் பெயர் பெட்டி. நீ பட்டம் வாங்கி, பறக்கும் கிளப்பில் சேர்ந்து, லைசென்ஸ் எடுத்து, துணை விமானிப் பயிற்சிக்குத் தேர்வாகி, கடைசியில் என் பெட்டிக்கே வந்து சேர்ந்தாய். "புலிக்குப் பொறந்தது பூனையாகுமா" என்று நான் நம் பேட்டை ஏ.எஸ்.ராவ் நகர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்ததை நீ அறிவாய். புலி இதுவரை ஒரு விமானத்தையும் ஓட்டியதில்லை என்பது வேறு விஷயம்.

உனக்கு ஆட்டோபைலட்டை, அதாவது விமானி கையெடுத்தாலும் விமானத்தைத் தானே ஓட்டும் கருவியை, பழக்கியது நான்தான். கல்லூரியில் படிக்கும்போதே, பராமரிப்புக்காகப் பெட்டி சும்மா இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், மேலாளரிடம் அனுமதி வாங்கி உன்னை வலது சீட்டில் உட்காரவைத்தேன். முதல் நாளே நீ செய்த காரியம் ஞாபகம் இருக்கிறதா? விமானம் மூக்கைத் தூக்கி ஏறிக்கொண்டிருக்கும்போது ஆட்டோபைலட் லிவரைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாய். பெட்டி தூக்கிவாரிப் போட்டது. "இதுக்கு ஒன்னும் தெரியலியே பா" என்றாய். அதற்கு எல்லாம் தெரியும், உன் மனதில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. நீ சொன்னதைத்தான் அது செய்யும். அதனால் முதலில் கையால் விமானத்தைச் சமன்படுத்து, ஓட்டும் பிடியை விட்டாலும் மூக்கு ஏறாமல் இறங்காமல் நேரே போகிறதா என்று பார், போனால் மட்டும் அதனிடம் ஒப்படை என்று சொல்லிக்கொடுத்தேன். அடுத்து, போய்ச் சேரவேண்டிய உயரத்தை அது பிடிக்கும் விதம், திசைக் குமிழை அவசரப்பட்டுத் திருகினால் அது சாயும் விதம், அதன் பிடியில் இருக்கும்போது நீயும் பிடித்து இழுத்தால் அது விட்டுவிட்டு ஒதுங்கும் விதம் என்று ஒவ்வொன்றாகப் பழகினாய். உயரத்தைப் பிடித்திருக்கும் வரை ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். அது அணைந்தால் பிடி விட்டுவிட்டது என்று அர்த்தம். மணி அடிக்காது, சிவப்பு விளக்கு எரியாது. எரிகிற விளக்கைக் கவனிப்பது சுலபம் தம்பி, அணைகிற விளக்கைக் கவனிப்பதுதான் கஷ்டம். இதையும் சொன்னேன். நீயும் தலையாட்டினாய்.

பழகிக்கொண்டிருக்கும்போது நான் பின்னால் இருக்கும் கன்சோலில், அதாவது ஸ்விட்சுகள் நிறைந்த மேஜையில், உட்கார்ந்து திடீர் திடீரென்று பொய்ப் பழுதுகளைப் போடுவேன். நீ உடனே கண்டுபிடிப்பாய். ஒரு முறைகூடத் தவறியதில்லை. பையனுக்குக் கழுகுக் கண் என்று சொல்லிச் சொல்லி நான் பூரித்தேன். பச்சை விளக்கைப் பார்த்துத்தான் நீ பிடிக்கிறாய் என்று நினைத்தேன். அது கண் இல்லை, காது என்று எனக்கு எப்படித் தெரியும்? வலது சீட்டுக்குப் பின்னால், தரைத் தகட்டுக்கு அடியில், மின்சாரத்தை மாற்றிவிடும் ரிலேக்கள் அடங்கிய ஒரு பெட்டி இருந்தது. கன்சோலில் பழுதுக்கான ஸ்விட்சைப் போட்டால் அதற்குள் ஒரு ரிலே டிக் என்று தட்டும். வருஷக்கணக்காக அதனுடனே குடித்தனம் நடத்திய எனக்கு அந்தச் சத்தம் காதிலேயே விழுந்ததில்லை. நம் வீட்டு மின்விசிறி கிறீச்சிடுவது விருந்தாளிகள் சொன்னால்தானே நமக்குத் தெரிகிறது.

சத்தத்தை வைத்துப் பிழைப்பது நம் வீட்டுக்குப் புதிதில்லை. தொழிற்சாலைச் சங்குதானே நம் பேட்டையின் கடிகாரம். முதல் சங்குக்கு அம்மா எழுவாள், அடுத்ததற்கு நான் குளித்திருப்பேன், அதற்கடுத்ததற்கு நீ பையைத் தூக்கியிருப்பாய். உன் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையன்று தொழிற்சாலைக்கு மட்டும் ஏதோ உள்ளூர் விடுமுறை. சங்கு ஊதவில்லை. மூவரும் அசந்து தூங்கினோம். வெயில் முகத்தில் அடித்து எழுந்து, பல்லும் சரியாகத் துலக்காமல் உன்னை ஸ்கூட்டரில் போட்டுக்கொண்டு பறந்தேன். பள்ளிக்கூடக் கதவைப் பாதி சாத்திவிட்டார்கள். நீ குனிந்து புகுந்து ஓடினாய். வீட்டுக்கு வந்தால் அம்மா சங்கைத் திட்டிக்கொண்டிருந்தாள். "லீவுன்னா லீவுன்னு ஒரு நா முன்னாலயே ஊதித் தொலைக்கப்படாதா?" என்றாள். அன்றே நாம் ஒரு அலாரக் கடிகாரம் வாங்கியிருக்க வேண்டும். சிரித்துவிட்டு மறுநாள் மறுபடியும் சங்கை நம்பிப் படுத்தோம்.

நீ பறக்கும் கிளப்புக்கு வெளியூர் போயிருந்த காலத்தில்தான் மூத்த விமானிகள் என் ஆட்டோபைலட்டைப் பற்றிப் புகார் சொன்னார்கள். கெட்டுப்போய்விட்டது என்று இல்லை, ரொம்ப நல்ல பிள்ளையாக இருக்கிறது என்று புகார். அசல் ஆட்டோபைலட் உயரத்தைத் தாண்டிப்போய்ப் பிறகு திரும்பி வருமாம், காற்று குலுக்கினால் திணறுமாம், சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல் கைவிட்டுவிடுமாம். உங்கள் பெட்டியில் பழகிவிட்டு ஆகாயத்துக்குப் போகிறவன் ஏமாந்துபோவான் என்றார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அனுமதி வாங்கி, அசல் விமானங்களில் விமானிகளுக்குப் பின்னால் இருக்கும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து போய் வந்தேன். அது எப்படி அலைகிறது, எப்படித் தயங்குகிறது என்று மாப்பிள்ளை பார்க்கப் போனவன் போல உற்றுப் பார்த்தேன். திரும்பி வந்து புதிய மின் அட்டைகளைச் செய்து, அதன் கெட்ட குணங்களையெல்லாம் ஒவ்வொன்றாக என் பெட்டிக்குப் பழக்கினேன். பெற்ற பிள்ளைக்கு நல்ல குணமும் இதற்குக் கெட்ட குணமுமாகச் சொல்லிக்கொடுக்கிறேனே என்று வீட்டில் சொல்லிச் சிரித்ததுகூட உண்டு. அந்த வேலையோடு வேலையாகப் பழைய ரிலே பெட்டியையும் கழற்றிவிட்டேன். புதிய அட்டைக்கு அது தேவைப்படவில்லை. கழற்றும்போது ஒரு நினைப்பும் எனக்கு வரவில்லை. எத்தனையோ பழைய சாமான்களோடு அதுவும் ஸ்டோருக்குப் போனது.

உன் தேர்வு நாளுக்கு வருகிறேன். கன்சோலில் உட்கார வேண்டிய இன்னொருவர் விடுப்பில் இருந்தார். தேர்வு நடத்த வந்த கேப்டன் என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்கள் மகனாமே, சங்கடமாக இருந்தால் வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம்" என்றார். அந்தப் பெரிய மனிதர் கதவைத் திறந்துதான் வைத்தார். நான்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒரு சங்கடமும் இல்லை என்றேன். உண்மையைச் சொன்னால், நீ ஜெயிப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க எனக்கு ஆசை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம், தேர்வின்போது கேப்டன் எந்தப் பழுது வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்லமாட்டார். கன்சோலில் அந்த ஸ்விட்சுக்குப் பக்கத்தில் விரலால் தொடுவார், நாங்கள் போடுவோம். நீ புறப்பட்டது அழகு, ஏறியது அழகு. கையால் சமன்படுத்தி, பார்த்து, பிறகு ஆட்டோபைலட்டிடம் ஒப்படைத்தாய், நான் சொன்னபடியே. இறங்கப்போகும் ஊரின் வானிலையை நீ காதில் கேட்டு எழுதிக்கொண்டிருந்தபோது கேப்டனின் விரல் வந்தது. உயரப் பிடியை விடச்சொல்லும் ஸ்விட்ச். நான் போட்டேன்.

பச்சை விளக்கு அணைந்தது. நீ எழுதிக்கொண்டிருந்தாய். உயரத்தைக் காட்டும் முள் மெல்ல இறங்க ஆரம்பித்தது. ஒருவர் தூங்கும்போது தலை சாயுமே, அந்த வேகம்தான். உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை நீளம்கூட இல்லை. உன் பிடரியில் முடி சரியாக வெட்டாமல் இருந்ததுகூட எனக்குத் தெரிந்தது. எனக்கு அப்போது இருமல் வந்தது தம்பி. பொய் இருமல் இல்லை, நிஜமான இருமல், ஏசிக் குளிரில் எனக்கு வழக்கமாக வருவதுதான். இருமினால் நீ திரும்புவாய், இல்லாவிட்டால் நிமிரவாவது செய்வாய். அப்பன் இருமிக் காட்டினான் என்று ஆகிவிடும். வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அடக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முள் இறங்கிக்கொண்டே இருந்தது. நீ எழுதி முடித்து, எழுதியதைத் திருப்பிப் படித்துச் சொன்னாய், ஒரு எழுத்துப் பிசகில்லாமல். பிறகு கேப்டன் நிறுத்தச் சொல்ல, பெட்டி அப்படியே உறைந்து நின்றது. கேப்டன் கோபப்படவில்லை. "நீங்கள் இப்போது ஒரு மலைக்குள் இருக்கிறீர்கள்" என்று மட்டும் சொன்னார். நீ முள்ளைப் பார்த்தாய், அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாய். கைக்குட்டையை நான் இன்னும் வாயிலிருந்து எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் நீ ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாய். "ஆவாஜ் இச் நை ஆயா பா" என்றாய். சத்தமே வரவில்லை என்கிறானே, என்ன சத்தம் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. நீ நாக்கைத் தட்டி டிக் என்று செய்து காட்டினாய். அப்போதுதான் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் எனக்கு விளங்கின. ரிலேயைக் கழற்றிய கதையைச் சொன்னேன். "கைக்கு பா?" என்று கேட்டாய், ஏன் கழற்றினீர்கள் என்று. அசலைப் போல இருக்கவேண்டும் என்பதற்காக என்றேன். எழுந்து போய்விட்டாய். "பிள்ளைக்கி ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?" என்று அம்மா பிடித்துக்கொண்டாள். எனக்கே தெரியாதே என்றால் நம்பவில்லை. இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் நான் சொன்ன உண்மைகளை நம்பாமல் பொய்களை மட்டும் நம்பிப் பழகியவள் அவள்.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாது. உனக்கு இன்னொரு வாய்ப்புதான் உண்டு, அதிலும் தவறினால் விமானி வேலை இல்லை என்பது உனக்கும் எனக்கும் தெரியும். அந்த இரண்டாவது தேர்வுக்கு நான் கன்சோலில் இருக்கப்போவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், அந்தப் புத்தி அப்போதாவது வந்தது. ஆனால் பராமரிப்பு என் கையில்தானே. போன வாரம் வலது சீட்டில் உட்கார்ந்து வேறு எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கன்சோலில் இருந்த என் உதவியாளன் பழுது ஸ்விட்சைப் போட்டான். அந்தக் கணத்தில், எனக்கு முன்னால் இருந்த, வரைபடம் பார்ப்பதற்கான விளக்கு லேசாக மங்கி மறுபடி பிரகாசித்தது. கண் கொட்டினால் தெரியாது. மறுபடி போடச் சொன்னேன், மறுபடியும் மங்கியது. என் புதிய அட்டையும் அந்த விளக்கும் ஒரே மின் இணைப்பில் இருந்ததால் வந்த வினை. டிக் சத்தம் போய், அதற்குப் பதில் ஒரு கண்சிமிட்டல் வந்து உட்கார்ந்திருக்கிறது. உலகத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அதை வயிற்றில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அவங்கிட்ட சொல்லிருங்க" என்றாள். அது தப்பு, ஆகாயத்தில் அந்த விளக்கு மங்காது என்றேன். "ஆகாசத்துல பறக்கப்போறது அப்புறம்லா? மொதல்ல இந்தப் பொட்டிய விட்டு நல்லபடியா எறங்கட்டும். பெத்தவன் பிள்ளைக்கிச் சொல்லாம வேற யாருக்குச் சொல்லுவான்? ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் பாடம் சொல்லுதீய." அவள் கேட்டதில் தப்பு எங்கே இருக்கிறது என்று இப்போதும் என்னால் எடுத்துக் காட்ட முடியாது. அப்போது நீ தண்ணீர் குடிக்க வந்தாய். "தம்பி" என்றேன். "க்யா பா?" என்று நின்றாய். அத்தனை நாளைக்குப் பிறகு நீ எனக்குக் கொடுத்த முதல் பதில் அது. முகம் இளைத்திருந்தது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணுமில்ல, ஃபிரிட்ஜ மூடு" என்றேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய், அந்த விளக்கின் இணைப்பைப் பிரித்து வேறொரு மின் இணைப்பில் மாற்றினேன். திரும்பத் திரும்ப ஸ்விட்சைப் போடச் சொல்லிப் பார்த்தேன். விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்தது. இதைப் படிக்கிற யாரும் என்னை அரிச்சந்திரன் என்று நினைத்துவிட வேண்டாம். நியாயத்துக்காக மட்டும் செய்தேன் என்று சொன்னால் அது பொய். அந்த ரகசியத்தோடு இன்னும் ஒரு ராத்திரி உன்னோடு ஒரே வீட்டில் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன். சொல்வதற்கு ஒன்றுமே இல்லாமல் ஆக்கிவிடுவதைத் தவிர என்னைக் கட்டிப்போட எனக்கு வேறு வழி தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "சொன்னியளா?" என்றாள். சொல்ல ஒன்றுமில்லை, சரிசெய்துவிட்டேன் என்றேன். அன்று எனக்குக் காப்பி கிடையாது. அடுத்த நாளும் கிடையாது. இந்த இடத்தை அவள் தாண்டாமல் வாசித்தால் நீ ஆச்சரியப்படு.

இன்று திங்கட்கிழமை, உன் இரண்டாவது தேர்வு. முதல் சங்குக்கு முன்பே நீ எழுந்துவிட்டாய், அலாரம்கூட வைக்கவில்லை என்று அம்மா சொன்னாள். புறப்படும்போது அவள் உன் நெற்றியில் விபூதி பூசினாள், நீ "பஸ் மா, பஸ்" என்று விலகினாய், போதும் என்று. வாசற்படியில் ஒரு நொடி நின்றாய். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாயோ என்னவோ. பச்சை விளக்கைப் பார், முள்ளைப் பார், கையை எடுத்த பிறகும் கண்ணை எடுக்காதே, யாரும் உனக்குச் சைகை காட்டமாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். "குடை எடுத்துட்டியா?" என்றேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

இந்த மலர் அச்சாகி, அம்மா உனக்கு வாசித்துக் காட்டும்போது முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். எழுதிக்கொண்டிருக்கிற எனக்குத் தெரியாது. நீ ஜெயித்திருந்தால் இதில் பாதியை மறந்துவிடு. தோற்றிருந்தால், உனக்காக நான் விட்டுவைத்திருக்கக்கூடிய அந்தக் கண்சிமிட்டலையும் நான்தான் எடுத்தேன் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்காகத்தான் எழுதினேன். என்னோடு பேசாமல் இருக்க உனக்கு முழு நியாயம் உண்டு. நாளைக்கு உன் முதுகுக்குப் பின்னால் எத்தனையோ பயணிகள் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டு வருவார்கள், அவர்களில் ஒருவனாக நானும் உட்கார்ந்திருக்கலாம். அங்கே பழுது வருவதற்கு முன்னால் கேப்டனின் விரல் வராது, ஸ்விட்சில் அப்பன் கை இருக்காது. இதைவிட நன்றாக அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இந்நேரம் நீ பெட்டிக்குள் ஏறியிருப்பாய். அடுப்படியில் ஒரு சத்தமும் இல்லை, அம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். அன்று அடக்கினேனே, அந்த இருமல் இப்போது வந்துவிட்டது. பொத்திக்கொள்ளாமல் இருமுகிறேன். இங்கிருந்து எவ்வளவு இருமினாலும் உனக்குக் கேட்காது.

உன் அப்பா